தாம்பரத்து ஹாலும் எங்கள் ஊர்ப் பையன்களும்

போன வாரம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் என்னிடம் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவன். தாம்பரத்தில் இருக்கிற சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு அங்கே ஹால் என்று சொல்கிற விடுதிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். மனுஷனுக்குச் சந்தோஷமும் இருந்தது, கலக்கமும் இருந்தது. "மாஷே, நீங்க அங்கதானே தங்கிப் படிச்சீங்க? பையனைப் பேரை மாத்தி அனுப்பிச்சுடுவாங்களோன்னு வீட்டுல பயப்படறாங்க" என்றார்.

1984இல் எங்கள் அப்பாருவும் இதையேதான் கேட்டார். அப்போது நான் இன்னும் தாம்பரத்தையே பார்க்கவில்லை, அவருக்கு என்ன சொல்வது? இவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து இனிமேல் போகப்போகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் சித்தூர் தாலுகாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முன்பு கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, 1956இல் கேரளத்தோடு வந்தது. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். கோபாலபுரம், வேலந்தாவளம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு செக்போஸ்ட், அதைத் தாண்டினால் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ. தமிழ்வழியில் பள்ளி முடித்த பிள்ளைகள் மேலே படிக்கப் பெரும்பாலும் அந்த இரண்டு ஊர்களுக்குத்தான் போவார்கள், இல்லாவிட்டால் பாலக்காடு விக்டோரியா கல்லூரி. தாம்பரம் வரைக்கும் போகிறவர்கள் குறைவு. ஆனால் பாலக்காட்டுக்காரர்களுக்குத் தாம்பரம் புதிதும் அல்ல. பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையரான டி.என்.சேஷன் விக்டோரியாவில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு அங்கேதான் இயற்பியல் படித்தார், அங்கேயே சில ஆண்டுகள் பாடமும் நடத்தினார்.

நான் போனது பி.எஸ்சி. தாவரவியல் படிக்க. தங்கியது பிஷப் ஹீபர் ஹாலில்.

முதலில் கல்லூரியின் கதை. அதைச் சொல்லாமல் ஹால் எதற்காக வந்தது என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3 அன்று மெட்ராஸ் ஆர்மேனியன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதைக் கல்லூரியாக வளர்த்தவர் 1862இல் வந்த வில்லியம் மில்லர். 1877இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிரே, சந்தடி மிகுந்த எஸ்பிளனேடில் இருந்தது அந்தக் கல்லூரி. மில்லர் காலத்திலேயே மாணவர் விடுதிகளும் வந்துவிட்டன. ஆனால் ஊர் நெரிசலில் கட்டடத்துக்குப் பக்கத்தில் கட்டடமாக எத்தனை நாள் தள்ளுவது? ஊரைவிட்டு வெளியே போக வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர்க் காட்டில் இடம் கிடைத்தது. இன்றைக்கு 365 ஏக்கர் என்று சொல்கிறார்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அது இல்லாமல் இருந்தால் மெட்ராஸ்காரர்கள் அந்தக் காட்டுக்குள் பிள்ளையைப் படிக்க அனுப்பியிருப்பார்களா என்பது சந்தேகம். 1937 ஜனவரி 30 அன்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார். கல்லூரிக்கு நூறு வயது ஆகிற ஆண்டு அது.

புது வளாகத்தைத் திட்டமிட்டவர் ஹென்றி ஷெட்டி என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர். முதலில் கல்லூரியைக் கட்டிவிட்டு, அப்புறம் பணம் மிஞ்சினால் ஹாஸ்டல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. வகுப்பறைகளோடு சேர்த்தே மூன்று ஹால்களும் எழுந்தன: புனித தாமஸ் ஹால், சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன், அவர் பாடம் நடத்துகிற பேராசிரியரில் ஒருவர், குடும்பத்தோடு அங்கேயே இருப்பார். வகுப்பு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ முடிந்துவிடும், படிப்பு முடியாது என்பதுதான் அவர்கள் எண்ணம். இதைத்தான் நான் அந்தக் கல்லூரி செய்த மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். லேபரட்டரியும் நூலகமும் வேறு கல்லூரிகளிலும் உண்டு.

மூன்று பெயர்களையும் பாருங்கள். ஒன்று அப்போஸ்தலர் தாமஸ். பரங்கிமலை தாம்பரம் போகிற ரயில் பாதையிலேயே இருக்கிறது. அங்கேதான் தாமஸ் உயிர்விட்டார் என்பது நம்பிக்கை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களும் தங்கள் விசுவாசம் அவர் கையால் வந்தது என்பார்கள். என் காலத்தில் கோட்டயம், திருவல்லா பக்கத்துப் பையன்கள் அந்தப் பெயரைத் தங்கள் வீட்டுப் பெயர் மாதிரிதான் சொல்வார்கள். இன்னொன்று அந்த மண்ணில் முன்பிருந்தே இருக்கிற கிராமத்தின் பெயர். புனிதருக்கும் பிஷப்புக்கும் சமமாக ஒரு ஏரிக்கரைக் கிராமத்தையும் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மூன்றாவது எங்களுடையது. ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் பிஷப். 1826இல் தெற்கே சுற்றுப்பயணம் வந்தார், திருச்சிராப்பள்ளியில் ஆராதனை முடித்துவிட்டு, வெயில் தாங்காமல் குளிக்க நீரில் இறங்கியவர் அங்கேயே இறந்துபோனார். வயது 42தான். நாள் ஏப்ரல் 3. பதினொரு ஆண்டு கழித்து அதே தேதியில்தான் ஆண்டர்சன் பள்ளிக்கூடம் தொடங்கினார் என்பது தற்செயல்தான், ஆனாலும் ஹீபர் ஹால்காரர்கள் அதை மறக்க மாட்டோம். அவர் பெயரில் திருச்சியில் ஒரு கல்லூரி நடந்துகொண்டிருந்தது. 1930களில் அது நின்று, கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைந்தது. அதன் நினைவாகத் தாம்பரத்தில் அவர் பெயரில் ஒரு ஹால் வந்தது. 1966இல் திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி மறுபடி தொடங்கப்பட்டது. இன்றைக்கு நன்றாக நடக்கிறது. இடையில் முப்பது ஆண்டுபோல அந்தப் பெயரைக் காத்துவைத்திருந்தது எங்கள் ஹால். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு சீனியர் அண்ணா இதை எங்களுக்குச் சொன்னார். பரீட்சைக்கு இல்லாத ஒரு வரலாற்றை நான் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, பேர் மாற்றுகிற கேள்விக்கு வருகிறேன்.

கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது முதல்வராக இருந்தவர் ஏ.ஜி.ஹாக். தத்துவப் பேராசிரியர், இறையியலாளர், மிஷனரி. அவருக்கு ஜார்ஜ் டவுன் காலத்தில் ஒரு மாணவர் இருந்தார், திருத்தணிக்காரர். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். இந்து மதத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டு, வேதாந்தத்தின் அறநெறியையே தன் எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு எழுதினார். 1908இல் அந்த ஆய்வுக்குப் பாராட்டு எழுதிக் கொடுத்தவர் ஹாக். அந்த மாணவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் மதம் மாறவில்லை, குடியரசுத் தலைவரானார். அவருடைய திருத்தணியும் நம்மைப் போல எல்லை ஊர்தான். ஆந்திராவில் இருந்தது, 1960இல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1938 டிசம்பரில் உலக மிஷனரிச் சங்கங்களின் மாநாடு தாம்பரத்தில், கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத அந்த வளாகத்தில் நடந்தது. முதலில் சீனாவில் நடத்துவதாக இருந்தார்கள். ஜப்பானுடன் போர் மூண்டதால் இங்கே மாற்றினார்கள். சுமார் 470 பேர் வந்தார்கள், 69 நாடுகள். அங்கே நடந்த பெரிய வாக்குவாதம், மற்ற மதத்தவரின் நம்பிக்கையை எப்படிப் பார்ப்பது என்பது. ஹாலந்துக்காரர் ஹென்றிக் கிரேமர் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் நடுவே ஆழமான பிளவு இருக்கிறது என்று வாதாடினார். ஹாக் அதை எதிர்த்தார். கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமும் உண்மையான விசுவாசம் இருக்கிறது, அதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பது அவர் நிலை. முப்பது ஆண்டுக்கு மேல் இந்து மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர், வேறு எப்படிச் சொல்வார்?

ஆகவே தோப்புக்காரருக்கு என் பதில் இது. அந்த இடம் கிறிஸ்தவ இடம், அதை அது மறைப்பதும் இல்லை. பிஷப் ஹீபர் சேப்பல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், ஹால் விருந்து ஜெபத்தோடு தொடங்கும், கிறிஸ்துமஸ் சமயத்தில் பாட்டுக் குழு ஹால் ஹாலாக வரும். என்னை யாரும் சேப்பலுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. போனால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்டதும் இல்லை. நான் போயிருக்கிறேன், பாட்டுக்காக. தைப்பூசத்துக்கு விரதம் இருந்தபோது மெஸ்ஸில் எனக்காகத் தனியாகப் பழமும் பாலும் எடுத்துவைத்தவர் தூத்துக்குடி கிறிஸ்தவர் ஒருவர். என் பெயர் அப்பாரு வைத்த பெயராகவே இருக்கிறது.

இனி ஹாலின் வழக்கங்களைச் சொல்கிறேன். வெளியே இருப்பவர்கள் வழக்கம் என்றதும் ஹால் டே, நாடகம், பாட்டு என்று நினைப்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் எனக்குக் கேட்டால், ஹாலின் முதல் வழக்கம் மெஸ்.

அங்கே மெஸ்ஸை மாணவர்களே நடத்தினோம். ஹாலுக்குத் தேர்தல் உண்டு. ஜெனரல் செக்ரட்டரி, மெஸ் கமிட்டி, விளையாட்டுக்கு ஒருவர், கலை நிகழ்ச்சிக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரியும். வார்டன் சார் மேலே இருந்து பார்ப்பார். தேவைப்பட்டால் ஒரு வார்த்தை சொல்வார். கணக்கு டிவைடிங் சிஸ்டம். அரிசி, பருப்பு, காய்கறி, பால், விறகு, சமையல்காரர்கள் சம்பளம் என்று மாதத்தில் ஆன மொத்தச் செலவை எடுத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். அதை அவரவர் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் அவரவர் மெஸ் பில். ஊருக்குப் போகிறவன் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் மெஸ் கட். எழுதாமல் போனால் அவன் சாப்பிடாத சோற்றுக்கும் அவன் கணக்கில் ஏறும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஒரு ரூபாய் வீணானால் அது நம் எல்லோர் பில்லிலும் ஏறும் என்று பதினெட்டு வயதில் நோட்டுப்புத்தகத்தில் கண்ணால் பார்ப்பது வேறு. அதிகாரிகள் எவ்வளவு திருடுகிறார்கள் என்று டீக்கடையில் பேசுகிற நாம், ஒரு மூட்டை வெங்காயத்துக்குப் பில் கேட்டு வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, மற்றவர்கள் நின்று கூட்டிப் பார்க்கிற வரைக்கும் பொறுப்பு என்றால் என்னவென்று அறிவதில்லை.

இரண்டாம் ஆண்டு நான் மெஸ் கமிட்டியில் இருந்தேன். சமையல் மாஸ்டர் அண்ணனோடு விடியற்காலை ரயில் பிடித்துக் கொத்தவால்சாவடிக்குப் போவோம். 1996இல் கோயம்பேடு வருவதற்கு முன்னால் மெட்ராஸுக்கே காய்கறி அங்கிருந்துதான். சேறு, கோஸ் இலை, மாட்டு வண்டி, கூச்சல். நான் தோட்டக்காரன் மகன்; காய்கறியின் விலையை விற்கிறவன் பக்கத்திலிருந்துதான் அதுவரை பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சி மார்க்கெட்டில் எங்கள் தக்காளிக்குக் கிடைக்கிற விலை எனக்குத் தெரியும். அங்கே அதே தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து நின்றுவிட்டேன். "தம்பி, மூட்டை மேல பார்த்து விலை பேசாதே, அடியில கைய விட்டுப் பாரு" என்பார் மாஸ்டர் அண்ணன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அந்தச் சாவடியில் அவரை ஏமாற்றியவரை நான் பார்த்ததில்லை. சாமான்களை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு நாள் அவரே என்னை எஸ்பிளனேடு பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கல்லூரிக் கட்டடம் எதுவும் இல்லை. ஆண்டர்சன் பெயரில் உள்ள தேவாலயம் மட்டும் இருக்கிறது. "இங்கேருந்துதாம்பா நம்ம ஹாலு கிளம்பி வந்துச்சு" என்றார். நம்ம ஹாலு என்று சொன்னார். அவருக்கு அது வேலை செய்கிற இடம் மட்டும் இல்லை.

1984 அக்டோபர் கடைசியில் இந்திரா காந்தி சுடப்பட்டபோது நாங்கள் முதலாம் ஆண்டு. கடைகள் அடைத்துவிட்டார்கள், காய்கறி வரவில்லை. ஸ்டோரில் இருந்த அரிசியும் பருப்பும்தான். வெறும் பருப்பு, ரசம், அப்பளம் என்று ஓட்டினார்கள். சமையல்காரர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வர முடியாமல் போனதால் சீனியர்கள் அடுப்படிக்குள் இறங்கினார்கள். நாங்கள் பரிமாறினோம். ரேடியோவை மெஸ்ஸுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம்.

அந்தப் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாகாலாந்து, மிசோரம் பையன்கள், யாழ்ப்பாணத்திலிருந்து கலவரத்துக்குப் பிறகு வந்த ஒருவன், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலி, நாகர்கோவில், கோட்டயம், நெல்லூர். பழைய மெட்ராஸ் விடுதிகளில் பிராமணருக்குத் தனி அடுப்பு, மற்றவர்களுக்குத் தனி அடுப்பு என்று நடந்த காலம் உண்டு. எங்கள் வீட்டிலேயே தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்குத் திண்ணை ஓரத்தில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். ஹாலில் டம்ளர் எல்லாம் ஒரே கூடையில் கிடக்கும். எந்த டம்ளர் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இதற்காக யாரும் எங்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை.

என் அறைக்குப் பக்கத்து அறையில் நகரிக்காரன் ஒருவன் இருந்தான். நகரி ஆந்திராவில், திருத்தணிக்கு அப்பால், நெசவு ஊர். அவர்கள் வீட்டில் தறி இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்கு மலையாளம் எப்படியோ அவனுக்குத் தெலுங்கு அப்படி. என்னை ஹாலில் 'பாறை' என்றும் அவனை 'நகரி' என்றும் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். ரேஷன் கார்டு ஒரு மொழியில், தாலாட்டு ஒரு மொழியில் என்று இருப்பது எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் பேசிய பிறகுதான் தமிழ்நாட்டு எல்லை நெடுக நம்மைப் போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று உறைத்தது. ஒரு பொங்கலுக்கு அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சாப்பிட உட்காரும்போது ஆத்தா வழக்கம்போல, "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உள்ளே திக்கென்றது. அவன் நிதானமாக, "ஹீபர் ஹாலுங்க, ஆத்தா" என்றான். ஆத்தா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் எனக்குப் பக்கத்தில் அவனுக்கு இலை போட்டார்.

ஹால் டே பற்றிச் சொல்லாமல் விட்டால் நகரி கோபித்துக்கொள்வான். ஆண்டுக்கு ஒரு முறை. பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், குவாட் என்கிற நடு முற்றம் முழுக்க விளக்கு கட்டுவோம், நாடகம் போடுவோம், பெரிய விருந்து. எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் பழைய அறையைத் தேடி வந்து, கதவைத் தட்டி, உள்ளே இருக்கிற முதலாம் ஆண்டுப் பையனிடம் "ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போகட்டுமா தம்பி?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஹால்களோடு விளையாட்டில் போட்டி கடுமையாக இருக்கும். சேலையூர் ஹாலிடம் தோற்ற இரவு யாருக்கும் சோறு இறங்காது. பெண்களுக்கான ஹால்கள் பின்னால் வந்து சேர்ந்தன. இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளும் போய்த் தங்குகிறார்கள் என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

எல்லா வழக்கமும் காக்க வேண்டியது அல்ல. புதிதாக வருகிறவனை நிற்கவைத்து அவமானப்படுத்துவதை நாட்டின் விடுதிகள் பலவும் ஒரு காலத்தில் மரபு என்றே சொல்லிக்கொண்டன. 1996இல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவன் அதில் கொல்லப்பட்டான். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு கேரளமும் கொண்டுவந்தது. "ராகிங் போனதோடு ஹால் வாழ்க்கையே போச்சு" என்று என் வயதுக்காரர்கள் யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். போகவில்லை. ஒருவனை அழவைத்துத்தான் அவனோடு பழக முடியும் என்றால் அந்தப் பழக்கம் எதற்கு? எங்களை ஒன்றாக்கியது பருப்புச் சோறும் மெஸ் நோட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வராந்தாவில் நடந்த பேச்சும்தான். தோப்புக்காரரே, உங்கள் பையனை யாராவது தொந்தரவு செய்தால் வார்டனிடம் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். சீனியர் அண்ணன்மார் தப்பாக நினைப்பார்களே என்று தயங்க வேண்டாம்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, நான் தாவரவியல்காரன். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் இந்த வளாகத்துக்கு மரம் தேடித் தேடி நட்டவர்கள். வேதியியல்காரர் செடிகள் மேல் உள்ள ஆசையால் தாவரவியலுக்குள் வந்து, புது இனங்களைக் கண்டறிகிற அளவுக்குப் போனார். அவர் பெயர் தாங்கிய செடிகள் இருக்கின்றன. சேலையூரின் பழைய புதர்க்காட்டிலும் ஒரு பகுதி அழியாமல் அப்படியே இருக்கிறது. ஹால் வாசலில் புள்ளிமான் மேயும். எங்கள் தோட்டத்தில் மரம் என்றால் தென்னை, அதற்குக் காய் உண்டா, வருமானம் உண்டா என்பதுதான் கேள்வி. யாரோ ஒருவர் தனக்குப் பலன் வராது என்று தெரிந்தே நட்ட மரங்களின் நிழலில் மூன்று வருஷம் நடந்தேன். திரும்பி வந்ததும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் பிள்ளைகளை வைத்துப் புங்கமும் வேம்பும் நட்டதற்கு அதுதான் காரணம். இப்போது அதன் கீழேதான் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

பையனுக்குச் சில விஷயங்கள். ரயில் சென்னை சென்ட்ரல் வரைக்கும். இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். கல்லூரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், பெட்டி கனமாக இருந்தால் ஆட்டோ எடுத்துக்கொள்ளட்டும். முதல் மாதம் எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிற மாதிரி தெரியும். தமிழ்வழியில் படித்ததற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லோரும் அவரவர் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். மெஸ்ஸில் முதல் நாள் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாம் நாள் தெரியாதவன் பக்கத்தில் உட்காரட்டும். அடுத்த ஆண்டு மெஸ் கமிட்டித் தேர்தலில் நிற்கட்டும்.

மெஸ் பில் கட்டுவது எப்படி என்று அவர் இன்னும் கேட்கவில்லை, ஆனால் தேங்காய் விலை இருக்கிற நிலையில் அந்தக் கவலையும் இருக்கும். எங்கள் செட் ஆட்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் போட்டு, கஷ்டப்படுகிற சில பையன்களின் மெஸ் பில்லைக் கட்டி வருகிறோம். வரவு செலவு பார்ப்பது நகரி. பழைய மெஸ் நோட்டு மாதிரியே பைசா விடாமல் எழுதி ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்களுக்கு அனுப்பிவிடுவான். யாருக்குக் கட்டுகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது, யார் கட்டினார்கள் என்று அந்தப் பையனுக்கும் தெரியாது. தேவை என்றால் பையனே நேராக வார்டனிடம் போய்க் கேட்கலாம். என் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.